.22 டார்கெட் பிஸ்டல் நடுவில் நிற்காமல் சுட: தோட்டாத் தேர்வும் சுத்தம் செய்யும் முறையும்

25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் துல்லியப் பகுதியில் பத்து வளையத்தின் குறுக்களவு 50 மில்லிமீட்டர். நல்ல நிலையில் இருக்கும் டார்கெட் பிஸ்டலை மணல் மூட்டையில் ஊன்றி, நடுத்தர விலைத் தோட்டாவைச் சுட்டாலே குண்டுகள் அதற்குள் விழுந்துவிடும். விரைவாகச் சுட வேண்டிய ரேபிட் பகுதியில் பத்து வளையமே 100 மில்லிமீட்டர். ஆக, இந்தத் தூரத்தில் தோட்டாவின் துல்லியம் ஒருவரைத் தோற்கடிப்பது அபூர்வம். தோற்கடிப்பது வேறொன்று: 3 விநாடிக்கு இலக்கு திறக்கிறது, கையைத் தூக்கி ட்ரிக்கரை அழுத்துகிறோம், ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது.

அதனால் ‘எது மிகத் துல்லியமான தோட்டா’ என்று தேடுவதைவிட ‘எது என் பிஸ்டலில் போட்டியின் 60-க்கு 60 வெடிக்கிறது’ என்று தேடுவதே சரி. சுத்தம் செய்வதும் அப்படித்தான். பேரலை, அதாவது குழலை, கண்ணாடி போலப் பளபளக்க வைப்பதில் பெரிய லாபம் இல்லை. தோட்டா அமரும் சேம்பர், காலிக் கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, தோட்டாக்களை அடுக்கும் மேகசின் இந்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது.

ரிம்ஃபயர் ஏன் அடம் பிடிக்கிறது

இந்தப் பிஸ்டல்களில் போடும் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டா 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனியில் பிறந்தது. அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான். பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு (ரிம்) உள்ளே குழிவாக இருக்கும்; அந்த விளிம்பில் தட்டினால் வெடிப்பதால்தான் ரிம்ஃபயர் என்று பெயர். பெரும்பாலான தொழிற்சாலைகளில் தட்டினால் தீப்பற்றும் ப்ரைமர் கலவையை ஈரமாகக் கூட்டுக்குள் இட்டு, வேகமாகச் சுழற்றி அந்தக் குழிக்குள் பரவச் செய்கிறார்கள். எங்காவது ஓர் இடத்தில் கலவை பரவாமல் போய், ஃபயரிங் பின் சரியாக அந்த இடத்திலேயே தட்டினால் தோட்டா வெடிக்காது. விலை உயர்ந்த தோட்டாவுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு இந்தப் பரவல் ஒரே சீராக இருப்பதற்குத்தான் போகிறது.

இன்னொன்று, இந்தக் குண்டின் வெளி விட்டமும் கூட்டின் வெளி விட்டமும் கிட்டத்தட்ட ஒன்று. குண்டின் மேல் பூசிய மெழுகு கூட்டுக்குள் மறையாமல் வெளியில்தான் இருக்கும். பையில் இருக்கும் பஞ்சு, மேசைத் தூசி எல்லாம் அதில் ஒட்டும். சுடும்போது அந்த மெழுகும் ஈயத்தூளும் எரிந்த மருந்தும் சேர்ந்து ஒரு கறுப்புப் பசையாகி சேம்பர் வாயிலும், தோட்டா ஏறும் சரிவிலும், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்திலும் படியும்.

மூன்றாவது காரணம் பிஸ்டலின் அமைப்பு. பார்டினி எஸ்பி, வால்தர் ஜிஎஸ்பி, ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 41, ருகர் மார்க் வரிசை எல்லாமே சாதாரண ‘ப்ளோபேக்’ வகை. போல்ட்டைப் பூட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது; அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் தடுத்து நிறுத்துகின்றன. பின்னால் போகும் போல்ட்டுக்குக் கிடைக்கும் சக்தி கொஞ்சம்தான். அழுக்கோ கெட்டியான எண்ணெயோ அதில் ஒரு பங்கைத் தின்றுவிட்டால், மீதியை வைத்துக்கொண்டு காலிக் கூட்டை வெளியே எறியவும் அடுத்த தோட்டாவை ஏற்றவும் முடியாமல் போகும்.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது

முதலில் பிஸ்டலோடு வந்த கையேட்டைப் பாருங்கள். போட்டிக்கென்றே செய்த பிஸ்டல்களில் ஸ்பிரிங்கும் போல்ட் எடையும் ஸ்டாண்டர்ட் வேகத் தோட்டாவுக்காக அமைந்தவை. 40 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம் ஈயக் குண்டு, விநாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வரை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் ரைஃபிள் பேரலில் அளந்தது. பிஸ்டலின் குட்டைப் பேரலில் அது குறையும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

‘ஜாம் ஆகிறது, வேகமான தோட்டா போடு’ என்று ரேஞ்சில் யாராவது அறிவுரை சொல்வார்கள். ருகர் மார்க், ப்ரவுனிங் பக் மார்க் மாதிரியான முரட்டுப் பிஸ்டல்களில் அது பலன் தரலாம். அவை ஹை வெலாசிட்டி தோட்டாவைத் தாங்கும். பார்டினியிலோ வால்தரிலோ அந்த அறிவுரையைக் கேட்க வேண்டாம். போல்ட் ஓங்கி அடித்து அதிர்ச்சியைத் தாங்கும் பஃபரும் பிஸ்டலின் சட்டமான ஃபிரேமும் தேயும், பிஸ்டலின் எகிறலும் மாறிவிடும். சிசிஐ ஸ்டிங்கர் போன்ற அதிவேகத் தோட்டாக்களை டார்கெட் பிஸ்டல் பக்கமே கொண்டுவராதீர்கள். ஸ்டிங்கரின் கூடு வழக்கமான எல்ஆர் கூட்டைவிட நீளம். இறுக்கமான மேட்ச் சேம்பரில் கூட்டின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

அடுத்து குண்டின் வடிவம். உருண்டை மூக்கு போதும். குழிமூக்கு, தட்டை மூக்குக் குண்டுகள் சரிவில் இடித்து நிற்க வாய்ப்பு அதிகம். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் போட்டிகளில் ஈயம் அல்லது அதுபோன்ற மென்மையான பொருளால் ஆன குண்டுக்குத்தான் அனுமதி என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்தப் பெயர்களைப் பார்க்கலாம்? பயிற்சிக்கு சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, எஸ்கே ஸ்டாண்டர்ட் ப்ளஸ், எலி ஸ்போர்ட். போட்டிக்கு எஸ்கே பிஸ்டல் மேட்ச், ஆர்டபிள்யூஎஸ் பிஸ்டல் மேட்ச், லாபுவா பிஸ்டல் கிங், எலியின் பிஸ்டல் வகைகள். பிஸ்டல் என்று தனியாகப் பெயரிட்ட தோட்டாக்கள், குட்டைப் பேரலையும் தானியங்கி போல்ட்டையும் மனதில் வைத்துச் செய்யப்படுபவை. ரைஃபிளுக்கான விலை உயர்ந்த தோட்டாவை வாங்கிப் பிஸ்டலில் போட்டால் அது இன்னும் நன்றாக ஓடும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பல நேரம் பாதி விலைத் தோட்டாதான் தடையில்லாமல் ஓடும்.

மெழுகின் தன்மையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எலியில் பிசுபிசுப்பான கொழுப்புப் பூச்சு. சிசிஐயில் கெட்டியான மெழுகு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பேரலின் உட்புறம் புதிய மெழுகுக்குப் பழக ஒன்றிரண்டு மேகசின்கள் ஆகும். அதற்குள் ‘இந்தத் தோட்டா சிதறுகிறது’ என்று தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. பயிற்சிக்கு ஒன்று, போட்டிக்கு வேறொன்று வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே கம்பெனியில் எடுத்தால் இந்தத் தலைவலி குறையும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். 1959 ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸில் குறித்த அளவுக்கு மேல் தோட்டா வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. ஆகவே அமெரிக்கர்கள் செய்வதுபோல எட்டுப் பத்து வகை வாங்கி அலசுவது நமக்கு நடக்காத காரியம். கிளப்பில் கிடைப்பதில் இரண்டு அல்லது மூன்று வகை எடுத்து, அவற்றை ஒழுங்காகச் சோதிப்பதுதான் வழி.

சோதிப்பது எப்படி

பெட்டியின் மடிப்பில், எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் லாட் நம்பர் இருக்கும். ஒரே பெயர், ஒரே பெட்டி என்றாலும் லாட் மாறினால் அது வேறு தோட்டா என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் லாட் நம்பர், சுட்ட எண்ணிக்கை, நின்ற எண்ணிக்கை, எப்படி நின்றது என்று நான்கு பத்தி போட்டால் போதும்.

சுத்தமான பிஸ்டலில் ஆரம்பித்து, நடுவில் துடைக்காமல் சுடுங்கள். மேகசினுக்கு ஓர் எண் எழுதி ஒட்டி, எந்த மேகசினில் நின்றது என்பதையும் குறியுங்கள். பாதி வழக்குகள் இதிலேயே தீர்ந்துவிடும். குற்றவாளி தோட்டா அல்ல, இரண்டாம் நம்பர் மேகசின் என்று தெரியவரும்.

எத்தனை சுட்டால் நம்பலாம்? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 50 தோட்டாப் பெட்டி ஒன்று நிற்காமல் ஓடினால் ‘பிரமாதம்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். நூற்றுக்கு ஒன்று நிற்கும் தோட்டாவை வைத்து 60 சுட்டால், ஒரு முறையாவது நிற்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் அது 6 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். 300 தோட்டாக்கள் ஒன்றுகூட நிற்காமல் ஓடினால்தான் ‘நூற்றுக்கு ஒன்றைவிட மோசமில்லை’ என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். 50 தோட்டா எதையும் நிரூபிக்காது. அதனால் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டாம். தினசரிப் பயிற்சியையே சோதனையாக எண்ணி நோட்டில் சேர்த்துக்கொண்டே போங்கள். இரண்டு மாதத்தில் பதில் தானாக வரும்.

துல்லியச் சோதனை சுருக்கமாக: மணல் மூட்டையில் ஊன்றி 25 மீட்டரில் பத்துப் பத்தாக மூன்று இலக்குகள். எல்லாம் பத்து வளையத்துக்குள் இருந்தால் தேர்ச்சி. மேலும் நோண்ட வேண்டாம்.

சுத்தம் செய்யத் தொடங்குமுன்

மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்துங்கள். சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் அல்லது குச்சியால் தொட்டும் பாருங்கள். அப்புறம், சுத்தம் செய்யும் மேசையிலிருந்து எல்லாத் தோட்டாக்களையும் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. மேகசினைக் கழற்றாமல் போல்ட்டை இழுத்தால் சேம்பரில் இருந்தது வெளியே விழும், விட்டவுடன் அடுத்தது உள்ளே ஏறிவிடும்.

ப்ரைமரிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. ஜன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள், முடிந்தால் கையுறை போடுங்கள். நடுவில் டீ, பிஸ்கட் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுங்கள். துடைத்த துணியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போட்டுவிடுங்கள்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். பழைய டூத் பிரஷ், .22 அளவு வெண்கல பிரஷ், பேரலுக்குள் இழுக்கும் கயிறு, பழைய பனியன் துணி, பல் குச்சி, சிறிய டார்ச், மெல்லிய எண்ணெய், அழுக்கைக் கரைக்கும் சால்வென்ட். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத ஊரில் தையல் மிஷின் எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது: குளிர்ந்த ஏசி ரேஞ்சில் உறையும், நாள்பட்டால் கோந்தாகும். ஈயக் குண்டு மட்டும் சுடும் பேரலுக்குச் செம்பு கரைக்கும் அமோனியா சால்வென்ட் தேவையே இல்லை.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். போல்ட்டைத் திறந்து வைத்து அதன் முகத்தை பிரஷ்ஷால் தேயுங்கள். எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் பல் குச்சியை விட்டு இழுங்கள். உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் கட்டி ஒன்று உருண்டு வரும். மிளகில் பாதி அளவுகூட இருக்காது. அது அங்கே இருக்கும்வரை கொக்கி முழுதாக மூடாது, ரிம்மைச் சரியாகப் பிடிக்காது. காலிக் கூடு சேம்பரிலேயே நிற்பதும், பாதி வெளியே வந்து போல்ட்டில் செங்குத்தாகச் சிக்குவதும் பல நேரம் இந்தக் கட்டியால்தான்.

அடுத்து தோட்டா ஏறும் சரிவையும் சேம்பர் வாயையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வெளிப்புறத்தில் விரல் பட்ட இடங்களில் எண்ணெய்த் துணியால் ஒரு தடவு. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இந்தக் கடைசி வேலையை ஒருநாள் விட்டாலே விரல் ரேகை துருவாகத் தெரியும்.

சில நூறு தோட்டாவுக்கு ஒரு முறை

பிஸ்டலைக் கையேட்டில் காட்டியபடி பிரியுங்கள். மாடல் 41-இல் ட்ரிக்கர் கார்டைக் கீழே இழுத்தால் பேரலே கையோடு வந்துவிடும். 2016-இல் வந்த ருகர் மார்க் 4-இல் பின்னால் ஒரே ஒரு பட்டன். அதற்கு முந்தைய மார்க் 3 வேறு கதை. திரும்பப் பூட்டுவதற்குள் பொறுமை போய்விடும் என்று பேரெடுத்தது. கையேடு சொல்லாத திருகுகளைத் தொடாதீர்கள், முக்கியமாக ட்ரிக்கர் திருகுகளை. 25 மீட்டர் போட்டிகளில் ட்ரிக்கர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான விசை, 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. தெரியாமல் திருகிவிட்டுச் சோதனை மேசையில் முழிப்பவர்கள் உண்டு.

சேம்பருக்கு வருவோம். முழுச் சுத்தத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். வெண்கல பிரஷ்ஷில் சால்வென்ட் தொட்டு, சேம்பருக்குள் மட்டும் விட்டுச் சில சுற்றுச் சுற்றுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். திரும்பச் சுற்றி, துணியால் காயத் துடையுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் கூட்டின் வாய் நிற்கும் இடத்தில் கறுப்பு வளையம் ஒன்று தெரிகிறதா? அதுதான் கார்பன் வளையம். அது தடித்தால் தோட்டா கடைசி அரை மில்லிமீட்டர் உள்ளே போகாது. ஃபயரிங் பின் தட்டும் அடியில் ஒரு பங்கு தோட்டாவை உள்ளே தள்ளுவதில் வீணாகும், மிஸ்ஃபயர் ஆகும். கிளப்பின் பழைய பிஸ்டலில் யாராவது எல்ஆரைவிடக் கூடு குட்டையான .22 ஷார்ட் தோட்டாவைச் சுட்டிருந்தால் வளையம் இன்னும் முன்பே, இன்னும் மோசமாக விழும். ரேபிட் ஃபயர் என்ற தனிப் போட்டி 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை ஷார்ட் தோட்டாவில்தான் நடந்தது; 2005 முதல்தான் எல்ஆர். அந்தக் காலத்து ஷார்ட் தோட்டா மிச்சமிருந்தால் எல்ஆர் சேம்பரில் போடாதீர்கள்.

போல்ட்டைத் தனியே எடுத்துச் சால்வென்டில் தேய்த்துத் துடையுங்கள். ஃபயரிங் பின் ஓடும் பாதையில் எண்ணெய் விடக் கூடாது. அங்கே எண்ணெய் தேங்கினால் மருந்துத்தூளோடு சேர்ந்து பின்னின் வேகத்தைக் குறைக்கும். போல்ட் உரசும் தடங்களில் பக்கத்துக்கு ஒரு சொட்டு போதும். விரலால் தடவினால் பளபளப்பு தெரிய வேண்டும், வழியக் கூடாது. சேம்பர் முழுக்க உலர்ந்தே இருக்க வேண்டும்.

பேரல்

பழைய காலத்துக் குளோரேட் ப்ரைமர்கள் உப்பை விட்டுச் சென்று பேரலைத் துருப்பிடிக்கச் செய்தன. இன்றைய ப்ரைமர்களில் அது இல்லை. கூடவே ஒவ்வொரு குண்டும் மெல்லிய மெழுகுப் படலத்தை விட்டுப் போகிறது. அதனால் .22 பேரலைச் சுட்டுக் கெடுப்பதைவிடக் கம்பியை விட்டுக் கெடுப்பது எளிது. பேரல் வாயின் விளிம்பில் கம்பி உரசினால் குண்டு வெளியேறும் இடம் கோணலாகிவிடும்.

முடிந்தவரை சேம்பர் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கம் இழுங்கள். பேரல் கழலாத பிஸ்டலுக்கு இழுகயிறுதான் பாதுகாப்பு. சால்வென்ட் தொட்ட துணி ஒன்று, பிறகு உலர்ந்த துணி இரண்டு மூன்று. அவ்வளவுதான். டார்ச் ஒளியில் பார்க்கும்போது சேம்பரை ஒட்டி ஈயம் செதிலாகத் தெரிந்தால் மட்டும் வெண்கல பிரஷ். வெளுத்துக் கழுவிய பேரலில் முதல் பத்து இருபது குண்டுகள் இடம் மாறி விழக்கூடும். அதனால் போட்டிக்கு முந்தைய இரவில் பேரலைத் தொடவே வேண்டாம். சேம்பரையும் எக்ஸ்ட்ராக்டரையும் மட்டும் பாருங்கள்.

மேகசின்

அடித்தட்டைக் கழற்றி ஸ்பிரிங்கையும் உள்ளே ஏறி இறங்கும் தட்டையும் எடுத்து, உட்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே எண்ணெய் வேண்டாம். மேல் உதடுகளை இன்னொரு மேகசினோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; கீழே விழுந்து ஒரு பக்கம் லேசாக வளைந்தாலும் தோட்டாவின் மூக்கு தவறான கோணத்தில் நிற்கும். ஏற்றும்போது ஒவ்வொரு தோட்டாவின் ரிம்மும் அதற்குக் கீழே இருப்பதன் ரிம்முக்கு முன்னால் அமர வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டும் சேர்ந்து இழுபட்டு நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்த மேகசினைப் பயிற்சிக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்தில் தவறான சிக்கனம். அது நோட்டில் எழுதும் கணக்கையே கெடுத்துவிடும்.

நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது

வெடிக்காமல் நின்றால் பிஸ்டலை இலக்குப் பக்கமே பிடித்தபடி 30 விநாடி காத்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். போட்டியில் என்றால் பிடியை விடாமல் மற்ற கையை உயர்த்தி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிட வேண்டும். அவர் பார்ப்பதற்குள் போல்ட்டை இழுத்தாலோ சேஃப்டியைத் தொட்டாலோ, அந்தக் கோளாறைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

பயிற்சியில் அந்தத் தோட்டாவை வெளியே எடுத்து ரிம்மை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பள்ளம் ஆழமாக, கூர்மையாக இருந்தால் பிஸ்டல் தன் வேலையைச் செய்திருக்கிறது, தோட்டாதான் மோசம். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் சேம்பர் அழுக்கு, ஃபயரிங் பின் பாதையில் எண்ணெய், அல்லது ஸ்பிரிங் தளர்ச்சி. முதல் இரண்டையும் சுத்தம் செய்தும் மாறவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தும் வெவ்வேறு லாட்டுகளில் திரும்பத் திரும்ப நின்றால், பின் நுனி தேய்ந்திருக்கலாம் அல்லது சேம்பர் விளிம்பில் மேடு தட்டியிருக்கலாம். தோட்டா இல்லாமல் ட்ரிக்கரை அழுத்திப் பழகியதால் பின் விளிம்பில் மோதி வரும் மேடு அது. டிரை ஃபயர் வசதியோ டம்மித் தோட்டாவோ இல்லாமல் .22 பிஸ்டலில் அப்படிப் பழகாதீர்கள்.

‘டப்’ என்று வழக்கத்தைவிட மெலிந்த சத்தம் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். இறக்கி, பிரித்து, பேரலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

வைத்திருப்பது

தோட்டாவை அதன் பெட்டியிலேயே வையுங்கள், லாட் நம்பர் கூடவே இருக்கும். மே மாத வெயிலில் காரின் டிக்கியில் விட்டால் மெழுகு இளகி அடிப்பக்கம் வழியும். அந்தப் பெட்டியைச் சோதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கீழே விழுந்த தோட்டாவைத் துடைத்துப் போட்டியில் போட வேண்டாம், பயிற்சிப் பெட்டிக்குப் போகட்டும். பிஸ்டலைப் போட்டிக்குக் கொண்டுபோகும் ஸ்பாஞ்சுப் பெட்டியிலேயே மாதக்கணக்கில் மூடி வைத்தால் ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு பிஸ்டலை வையுங்கள்; தோட்டாவைத் தனியாகப் பூட்டி வையுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.